இரவில் ஏறும் சர்க்கரை

அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 172 என்று இருந்தது. முந்தைய இரவு படுக்கப் போகும்முன் வீட்டுக் கருவியில் பார்த்தபோது 138 தான். "எட்டு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டதோட சரிடா. அப்புறம் தண்ணி மட்டுந்தான் குடிச்சேன்" என்றார் அம்மா. நான் நம்பவில்லை. சமையலறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அம்மா அதைக் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னது முழு உண்மை என்று எனக்குப் புரிவதற்குப் பல மாதங்கள் ஆயின. சர்க்கரை நோயாளி இருக்கும் பெரும்பாலான வீடுகளில் இந்தச் சந்தேகம் ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருக்கும். ராத்திரி சாப்பிட்டது குறைவு, காலையில் எண் அதிகம் என்றால், நடுவில் ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்" என்ற பேச்சும் அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் கணக்கில் கல்லீரல் என்ற ஓர் உறுப்பே இல்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 100 மில்லி கிராம் குளுக்கோஸ் என்றால், அத்தனை ரத்தத்திலும் சேர்த்து இருப்பது 5 கிராம். ஒரு தேக்கரண்டி. அளவு 200 ஆகிவிட்டால் 10 கிராம், இரண்டு தேக்கரண்டி. நலமாக இருப்பவரின் ரத்தத்துக்கும், மருத்துவர் முகம் சுளிக்கும் அளவுக்குச் சர்க்கரை ஏறிய ரத்தத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு தேக்கரண்டிதான். ஒரு தட்டுச் சோற்றிலோ 60 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து இருக்கிறது. அது செரித்து, குளுக்கோஸாகி, குடலிலிருந்து ரத்தத்தில் இறங்கிய பிறகும் நலமானவரின் ரத்தத்தில் அளவு 140ஐத் தாண்டுவது அரிது. இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். இத்தனை வரத்து வந்தும் மட்டம் அசையாமல் நிற்கிறது என்றால், யாரோ ஒருவர் மடையருகே ஓயாமல் நின்றுகொண்டிருக்கிறார் என்று பொருள்.

இந்த மட்டம் ஏறுவதைப் போலவே இறங்குவதும் ஆபத்து. மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. நாம் தூங்கும்போதும் அதன் செலவு பெரிதாகக் குறைவதில்லை. ரத்தச் சிவப்பணுக்களுக்குக் குளுக்கோஸைத் தவிர வேறு எரிபொருளே கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஒரு தேக்கரண்டி மூளைக்கு ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். அப்படியானால் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை ஏழு மணிக்கு எழுந்திருக்கும் மனிதர் எப்படி உயிரோடு எழுந்திருக்கிறார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோத் பெர்னார். உணவிலிருந்துதான் சர்க்கரை வருகிறது, விலங்கின் உடலால் அதைத் தயாரிக்க முடியாது என்று அறிவியல் உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். 1848இல் அவர் நாய்களுக்கு மாமிசம் மட்டும் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரையோ மாவோ துளியும் இல்லாத தீனி. ஆனாலும் கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. 1855இல் அவர் செய்த இன்னொரு சோதனையை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அப்போதுதான் எடுத்த கல்லீரலின் ரத்தக் குழாய்களுக்குள் தண்ணீரைச் செலுத்தி, சர்க்கரையின் சுவடே இல்லாமல் போகும்வரை கழுவினார். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் அதே கல்லீரலில் மறுபடியும் சர்க்கரை! உடலை விட்டு வந்த பிறகும் அந்த உறுப்பு தன் கையிருப்பை உடைத்துக் குளுக்கோஸாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையிருப்புப் பொருளை 1857இல் அவரே பிரித்தெடுத்தார். அதுதான் கிளைகோஜன்.

கல்லீரல் நம் ஊர் ஏரியைப் போன்றது. மழைக்காலத்தில், அதாவது சாப்பிட்ட பிறகு, வரத்தைத் தேக்கி வைக்கிறது. கோடையில், அதாவது இரவில், மடையைத் திறந்து விடுகிறது. சுமார் 100 கிராம் வரை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்க அதற்கு இடம் உண்டு. ஏரியைவிட ஒரு படி மேலாக, கையிருப்பு குறையும்போது வேறு பொருள்களிலிருந்து புதிதாகக் குளுக்கோஸைத் தயாரிக்கவும் அதற்குத் தெரியும். தசைகளிலிருந்து வரும் லாக்டேட், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள், கொழுப்பு கரைந்து வரும் கிளிசரால் எல்லாம் அதற்கு மூலப்பொருள்கள். 60 கிலோ எடையுள்ள நலமான ஒருவரின் கல்லீரல், இரவில் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. எட்டு மணி நேரத் தூக்கத்தில் 50 கிராமுக்கு மேல். அம்மா சாப்பிட்ட இரண்டு இட்லியில் இருந்த மாவுச்சத்தைவிட அது அதிகம்.

மடைக்குக் காவல் நிற்பது கணையம். இரைப்பைக்குப் பின்னால், குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. அதன் பெரும்பகுதி செரிமானச் சாறு சுரக்கிறது. இடையிடையே சிறு திட்டுகளாகச் சில செல்கள் சிதறிக் கிடப்பதை 1869இல் ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கண்டு எழுதினார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன, ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன. இன்சுலின் மடையை அடைக்கும் கை. குளுக்ககான் திறக்கும் கை. ஊர் நீராணிக்காரர் பொழுதுக்கும் மட்டத்தைப் பார்த்து, ஒரு சாண் ஏற்றி ஒரு சாண் இறக்குவதைப் போல, இரண்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்சுலின் ரத்தத்தில் கலந்தால் ஐந்து நிமிடங்களில் பாதி அழிந்துவிடும். அதனால்தான் ஆணையை உடனுக்குடன் மாற்ற முடிகிறது.

கணையத்திலிருந்து புறப்படும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. சுரந்த இன்சுலினில் சுமார் பாதியைக் கல்லீரலே பிடித்துக்கொள்கிறது, மீதிதான் தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் போய்ச் சேர்கிறது. உடலின் அமைப்பிலேயே இன்சுலினின் முதல் சொல் கல்லீரலுக்குத்தான். "போதும், நிறுத்து" என்பதே அந்தச் சொல்.

சர்க்கரை நோய் என்பது அந்தச் சொல் போய்ச் சேராத நிலை. முதல் வகை நோயில் சொல்வதற்கே ஆளில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. 1889இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மெரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக நீக்கியபோது இதைத்தான் செயற்கையாக உண்டாக்கினார்கள். நாயின் சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. வெறும் மாமிசம் தின்றபோதும் அது நிற்கவில்லை. நாயின் கல்லீரல் அதன் சொந்தப் புரதத்தையே சர்க்கரையாக்கி வெளியே விட்டுக்கொண்டிருந்தது. டொரன்டோவில் 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட 14 வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாக இருந்ததற்குக் காரணமும் இதுதான். தடுக்க ஆளில்லாத கல்லீரல், தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்குகிறது. கொழுப்பைக் கரைத்து ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன்களாக மாற்றுகிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் இருக்கிறது, தொடக்க ஆண்டுகளில் பலருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. கேட்கும் காதுதான் மந்தமாகிவிட்டது. சாதாரணக் குரலில் சொன்னால் அடைபட்ட மடை, இப்போது கத்திச் சொன்னால்தான் பாதியாவது அடைபடுகிறது. பீட்டா செல்கள் பல ஆண்டுகள் கத்திச் சொல்கின்றன. அந்த ஆண்டுகளில் லேப் சீட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு அவை தளரத் தொடங்குகின்றன. பிரிட்டனில் 1977 முதல் இருபது ஆண்டுகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே பீட்டா செல்களின் திறனில் சுமார் பாதி போய்விட்டிருந்தது தெரிந்தது. நமக்கு "இப்போதுதான் சுகர் வந்திருக்கிறது". உடலுக்கோ அது பழைய கதை.

கூடவே ஆல்ஃபா செல்களும் தடுமாறுகின்றன. சாப்பிட்டதும் குளுக்ககான் அடங்க வேண்டும். இந்த நோயில் அது அடங்குவதில்லை. சோறு குடலிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கல்லீரலும் தன் பங்குக்குச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கும். வெளியே மழை கொட்டும்போது ஏரி மடையும் திறந்து கிடந்தால் வயல் என்ன ஆகும்?

இன்னொரு விசித்திரமும் உண்டு. இன்சுலின் கல்லீரலுக்கு இடும் வேலைகள் இரண்டு: சர்க்கரை விடுவதை நிறுத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றி வை. இரண்டாம் வகை நோயில் முதல் ஆணைதான் காதில் விழுவதில்லை. இரண்டாவது தடையில்லாமல் நடக்கிறது. கத்திச் சொல்லும் இன்சுலினால் கொழுப்பு உற்பத்தி இன்னும் கூடுகிறது. அந்தக் கொழுப்பு கல்லீரலுக்குள்ளேயே தங்கி, காதை இன்னும் அடைக்கிறது. ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்" என்று வந்தால் "இப்போது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று தள்ளிவிடுகிறோம். பலருக்கு அது வரப்போகும் சர்க்கரை நோயின் முன்னறிவிப்பு.

இதற்குப் பருமனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2004இல் லேன்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரும் ஒல்லி. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடல்களில் பல இப்படித்தான், கை கால் மெலிவாகவும் வயிற்றுக்குள் கொழுப்பாகவும் இருக்கின்றன. தசை குறைவு என்பது தனியாக ஒரு பாரம். சாப்பிட்ட குளுக்கோஸின் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது தசைதான். களஞ்சியம் சிறியது, அதன் கதவும் இன்சுலின் தட்டினால் முழுசாகத் திறப்பதில்லை என்றால் சரக்கு தெருவில்தான் நிற்கும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இத்தனை கோடிப் பேரும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று சொல்வது அநியாயம்.

அம்மாவின் 138, விடியும்போது 172 ஆனது எப்படி என்பதற்கு வருகிறேன். விடிகாலை மூன்று மணிக்கு மேல் உடல் எழுவதற்கு ஆயத்தமாகிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்குகிறது. இரவில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனின் விளைவும் அந்நேரம் தெரியும். இரண்டுமே இன்சுலினின் பேச்சைக் கெடுப்பவை, கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்பவை. இது எல்லா உடலிலும் தினமும் நடக்கிறது. நலமானவரின் கணையம் கொஞ்சம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து அதை ஈடுகட்டிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. தளர்ந்த கணையத்தால் அது முடியாது. காலை ஆறரை மணிக்கு ஊசி குத்தும்போது லேப் அளப்பது, அந்தக் கடைசி மூன்று நான்கு மணி நேரத்தில் கல்லீரல் விட்டதைத்தான். காய்ச்சல், பல் வீக்கம், தூக்கமில்லாத இரவு, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றில் எண் ஏறுவதும் இதே வழியில்தான்.

இது தெரியாமல் பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. காலை எண்ணைக் குறைக்க இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது உயிரோடு விளையாடுவது. இந்த மாத்திரைகள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, பீட்டா செல்லைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுத்துவிடும். அளவு 70க்குக் கீழே போனால் உடல் அட்ரினலினைக் கொண்டு எச்சரிக்கும்: கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். நீண்ட காலமாக நோய் உள்ள சிலருக்கு இந்த எச்சரிக்கை மணியே அடிக்காது. தூக்கத்தில் இருப்பவருக்கு அடித்தாலும் கேட்காது.

மருந்துகள் எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்று பார்த்தால் நோயின் வரைபடமே தெரிந்துவிடும். இரண்டாம் வகை நோயில் ஏறக்குறைய எல்லாருக்கும் முதலில் எழுதித் தரப்படும் மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலில்தான் வேலை செய்கிறது, அது விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. 1957 முதல் பிரான்சில் புழக்கத்தில் இருக்கும் மலிவான மாத்திரை அது. டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீரகத்தில் வேலை செய்கின்றன. இயல்பாக ரத்தத்தில் 180 அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை வழியும். இந்த மருந்து அந்தக் கரையைத் தாழ்த்திவிடுகிறது. செமாகுளூட்டைடு வகை ஊசிகள் சாப்பிட்டவுடன் குடல் அனுப்பும் செய்தியைப் போல நடித்து, இன்சுலினைத் தேவைக்கேற்பக் கூட்டுகின்றன, குளுக்ககானை அடக்குகின்றன, பசியையும் குறைக்கின்றன. வெளியிலிருந்து போடும் இன்சுலினுக்கு ஒரு குறை உண்டு. தோலுக்கடியில் போட்ட ஊசி முதலில் உடல் முழுவதும் பரவி, கடைசியில்தான் கல்லீரலைத் தொடுகிறது. கணையம் போட்டு வைத்த வரிசையே தலைகீழாகிவிடுகிறது. கல்லீரலுக்குப் போதுமான அளவு கொடுக்கப் போனால் தசைகளுக்கு அதிகமாகிவிடும். ஊசியால் சர்க்கரையைச் சீராக வைத்திருப்பது எத்தனை கடினம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெருவில், அதாவது ரத்தத்தில், நிற்கும் சரக்கு எங்கே போகிறது? கதவை அடைத்துக்கொள்ளத் தெரியாத வீடுகளுக்குள். விழித்திரை, சிறுநீரகத்தின் வடிகட்டிகள், நரம்புகள் ஆகியவற்றின் செல்களுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலினின் அனுமதி தேவையில்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறிவிடும். பாதிப்பு கண், சிறுநீரகம், பாதம் என்று குறிப்பிட்ட இடங்களைத் தேடிப் போவது இதனால்தான்.

மந்தமான காது மறுபடி கேட்குமா? பலருக்குக் கேட்கிறது, அதுவும் வியக்கத்தக்க வேகத்தில். 2011இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லரின் குழு, நோய் வந்து சில ஆண்டுகளே ஆன 11 பேருக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தது. ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. கணையம் மீள எட்டு வாரங்கள் ஆயின. முதலில் எழுந்தது கல்லீரல்தான். பிறகு பொது மருத்துவர்களின் மேற்பார்வையில் சுமார் 300 பேரிடம் அவர்கள் நடத்திய பெரிய சோதனையில், தீவிரமாக எடை குறைத்த குழுவில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமல், சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். நோய் வந்து ஆறு ஆண்டுகளைத் தாண்டாதவர்கள் அவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. இதைப் படித்துவிட்டு நாளை முதல் கஞ்சித் தண்ணீரில் இறங்க வேண்டாம். நம் ஊரிலேயே நடந்த சோதனையும் உண்டு. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நோயின் வாசலில் நின்றவர்கள் நடையாலும் உணவு மாற்றத்தாலும் நோய் வரும் வாய்ப்பை மூன்று ஆண்டுகளில் 28.5 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்த குழுவில் அது 26.4 சதவீதம். நடைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் தட்டாமலேயே குளுக்கோஸுக்குக் கதவைத் திறக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நடந்தாலும் அந்தக் கதவு திறக்கிறது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 10 சதவீதத்தைத் தாண்டி நிற்பவருக்குப் பெரும் பங்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையிலிருந்து, அதாவது கல்லீரலிலிருந்து வருகிறது. 7ஐ நெருங்க நெருங்க, சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதன் பங்கு கூடுகிறது. 10இல் இருப்பவரின் தட்டிலிருந்து ஒரு கரண்டிச் சோற்றைப் பிடுங்கிவிட்டு எண் ஏன் இறங்கவில்லை என்று திட்டுவது அவருக்குச் செய்யும் கொடுமை. அவருக்கு மருந்தில் மாற்றம் தேவைப்படலாம்.

அம்மாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு கொடுத்தேன். ஒரு வாரம், படுக்கும் முன், விடிகாலை மூன்று மணிக்கு, காலை ஆறரைக்கு என்று மூன்று வேளையும் அளந்து எழுதினார். மூன்று மணிக்கு அலாரம் வைத்து அவரே எழுந்தார். முதல் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மூன்றாவதுதான் ஒவ்வொரு நாளும் 25, 30 என்று கூடியிருந்தது. மருத்துவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரவு மாத்திரையின் அளவை மாற்றினார். மருத்துவரிடம் கொண்டுபோவதற்கு முன் அம்மா அந்த நோட்டை என்னிடம் காட்டினார். மூன்று மணி வரிசையின் மேல் விரலை வைத்து, நான் படித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.